பேசும் பெட்டியின் இருவகை மறதி



கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறும் ஒலிபெருக்கிகள் இன்று நம்மவர் வீடுகளிலும் ஆங்காங்கே இடம்பெறத் தொடங்கியுள்ளன. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் ஒருவர் அதனைக் கொண்டுவருகிறார். கூடத்து மூலையில் வைத்து, அதனோடு இரண்டு நாள் ஆங்கிலத்திற் கதைத்துக் காட்டிவிட்டு, மீண்டும் விமானம் ஏறிவிடுகிறார். அவர் சென்று சில வாரங்களுக்குள் பெட்டி வாய்மூடிக் கொள்கிறது. அப்பொழுது வீட்டிலுள்ளோர் செய்யும் முதற்காரியம் யாது? அதன் அடியிலோ முதுகிலோ உள்ள பொத்தானொன்றைக் கண்டுபிடித்து, ஏதேனும் நிகழும்வரை அழுத்திப் பிடிப்பதே. ஏதோ நிகழத்தான் செய்கிறது. ஆயினும் நிகழ்ந்தது அவர்கள் வேண்டியதன்று. சற்றே களைத்திருந்த பெட்டி, தான் எவருடைய வீட்டில் இருக்கின்றது என்பதையே மறந்த பெட்டியாகிவிடுகிறது.

இக்கருவிகளை வழிக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் உள. ஒன்றை ‘ரீஸ்டார்ட்’ என்பர். மீளத் தொடக்கல் எனலாம். மற்றொன்றை ‘ரீசெட்’ என்பர், மீளமைத்தல் எனலாம். பெயர்கள் உடன்பிறந்தவை போல் ஒலிப்பதால், இரண்டும் ஒன்றே என்றும், பின்னையது சற்று வலிமை கூடிய மருந்து என்றும் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை வெவ்வேறு தொழில்கள். இவற்றின் வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்குப் பெட்டியின் உள்ளே நடப்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

அமேசான் நிறுவனம் ‘எக்கோ’ என்னும் பேசும் ஒலிபெருக்கியை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. கூகுள் நிறுவனத்தின் ‘ஹோம்’ 2016இலும், அப்பிள் நிறுவனத்தின் ‘ஹோம்பொட்’ 2018இலும் வந்தன. பெயரளவில் இவை ஒலிபெருக்கிகளாயினும், ஒவ்வொன்றும் ஒரு சிறிய கணினியே. ஒலிவாங்கி சில, ஒலிபெருக்கி ஒன்று, கணிக்கும் உறுப்பு ஒன்று, கம்பியில்லா இணைப்புக்கான உறுப்பு ஒன்று ஆகியவை இதனுள் அடங்கும். ‘அலெக்சா’ என்றாற்போன்ற அழைப்புச் சொல்லை மட்டும் பெட்டி தானாகவே அறிந்துகொள்ளும். அச்சொல்லுக்குப் பின் நாம் கூறுவது பெரும்பாலும் வீட்டு ரவுட்டர் வழியாக இணையத்தில் ஏறி, நிறுவனத்தின் பெருங்கணினிகளைச் சென்றடைகிறது. பொருள் காணப்படுவது அங்கேதான். மறுமொழி திரும்பி வந்து நம் கூடத்தில் ஒலிக்கிறது.

ஆகவே பெட்டி மௌனமாயிருப்பின் குற்றம் பெட்டியினதே என்று தீர்த்துவிடலாகாது. மின்சாரம், ரவுட்டர், இணையம், நிறுவனத்தின் கணினிகள் என்னும் நான்கும் ஒத்துழைத்தால்தான் அது பேசும். நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் இடறினாலும் பல்லக்குச் சாய்ந்துவிடுமல்லவா?

இனி, பெட்டியின் நினைவைப் பற்றிக் கூறுவேன். அதனுள் இரண்டு வகை நினைவகங்கள் உள. பாடசாலையொன்றை மனத்தில் வைத்து இதனைப் பார்த்தால் எளிதில் விளங்கும். வகுப்பறையிற் கரும்பலகை இருக்கிறது. அலுவலகத்திற் சேர்வு இடாப்பு இருக்கிறது. அன்றைய கணக்கும் அன்றைய பாடமும் கரும்பலகையில் எழுதப்படும். மாணவர் யாவர், எந்நாளிற் சேர்ந்தனர், பெற்றோர் யாவர் என்பன இடாப்பில் எழுதப்படும். பேசும் பெட்டியின் கரும்பலகை, மின்சாரம் உள்ளவரை மட்டும் எழுத்தைத் தாங்கும் செயல் நினைவகம். அதன் இடாப்பு, மின்சாரம் போனாலும் எழுத்தைக் காத்து வைத்திருக்கும் பிளாஷ் நினைவகம். வீட்டு வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், எவருடைய கணக்கின் கீழ் இக்கருவி பதியப்பட்டுள்ளது என்பதற்கான சான்று ஆகியன இடாப்பிலேயே இருக்கும்.

நாட்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கரும்பலகை நிறைந்துபோவதுண்டு. முடிந்துபோன வேலையின் எச்சங்கள் அழிக்கப்படாமற் கிடக்கும். ஒரு வேலை மற்றொன்றின் விடைக்காகக் காத்திருக்க, அதுவோ முதலாவதன் விடைக்காகக் காத்திருக்கும்; இரண்டும் அசையா. சில வேளைகளில் ரவுட்டர் கொடுத்த இலக்கத்தைப் பெட்டி இன்னும் பற்றிக்கொண்டிருக்க, ரவுட்டரோ அவ்விலக்கத்தை வேறொரு கருவிக்குக் கொடுத்திருக்கும். இவை அனைத்துக்கும் ஒரே மருந்து கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவதே. மீளத் தொடக்கல் என்பது இதுதான். எந்த எச்சம் எந்த மூலையிற் கிடந்தது என்று நாம் ஆராய வேண்டியதில்லை. எல்லாம் ஒருங்கே அகன்றுவிடும். இடாப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மீளமைத்தல் அவ்வாறன்று. அது இடாப்பையே நீக்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த வெற்றுப் புத்தகத்தை மேசையில் வைப்பதாகும்.

மீளத் தொடக்கும் முறை மிக எளிது. பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். அரை நிமிடம், இயலுமாயின் ஒரு நிமிடம் பொறுத்திருந்து மீண்டும் மாட்டுங்கள். கழற்றிய கையோடு மாட்டிவிடுவோர் பலர். மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கொள்ளளவிகள் கருவியினுள் உண்டு. அவை வடியுமுன் மாட்டினால், கரும்பலகையின் எழுத்துச் சில இடங்களில் எஞ்சியிருக்கக் கூடும். ஆதலால் அந்த அரை நிமிடப் பொறுமை வீணானதன்று. கூகுளின் ஒலிபெருக்கிகளையும் அப்பிளின் ஹோம்பொட்டையும் தொலைபேசியிலுள்ள செயலி வழியாகவும் மீளத் தொடக்கலாம். கையெட்டாத உயரத்தில் வைத்திருப்போருக்கு அவ்வழி உதவும்.

இங்கு வரிசை ஒன்றுண்டு. நம் நாட்டில் அதனை அறிந்திருப்பது மிகவும் பயன் தரும். 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் இன்றி இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததன் விளைவாக நாடு முழுவதும் இருண்டது என்று துறைக்குரிய அமைச்சர் தெரிவித்தார். இலங்கையை எரித்த வாலைப்பற்றிக் கேள்வியுற்ற நமக்கு, இலங்கையை இருட்டாக்கிய வாலைப்பற்றியும் கேட்கும் பேறு கிட்டிற்று. அது நிற்க. இவ்வாறு போன மின்சாரம் திரும்பும்போது ரவுட்டரும் பேசும் பெட்டியும் ஒரே கணத்தில் விழித்தெழுகின்றன. ரவுட்டர் இணையத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பெட்டியோ அதற்கு முன்னரே ஆயத்தமாகி, வழியைத் தேடிக் காணாமற் குழம்பி நிற்பதுண்டு. பல கருவிகள் சற்றுப் பின் தாமாகவே மீண்டும் முயன்று இணைந்துகொள்ளும். சில அவ்வாறு செய்வதில்லை. எனவே முதலில் ரவுட்டரை நிறுத்தித் தொடக்குங்கள். அதன் விளக்குகள் வழக்கம்போல் நிலைபெற்ற பின்னர், தொலைபேசியில் இணையம் வருகின்றதா என்று பாருங்கள். வருமாயின், அதன் பின்னரே பெட்டியைத் தொடக்குங்கள்.

இவ்வளவு செய்தும் பெட்டி பேசவில்லையாயின் மீளமைத்தலில் இறங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். எக்கோ வகைப் பெட்டியின் ஒளிவளையம் சிவப்பாக எரிகின்றதா? அவ்வாறாயின் நோய் ஒன்றுமில்லை. யாரோ, பெரும்பாலும் தூசு தட்டியவர், ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தானைத் தொட்டுவிட்டார் என்பதே பொருள். மீண்டும் ஒருமுறை தொட்டால் தீர்ந்தது. இனி, அண்மையில் ரவுட்டரை மாற்றினீர்களா? வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினீர்களா? மாற்றியிருப்பின் பெட்டி பழைய திறவுகோலோடு புதிய பூட்டுக்கு முன் நிற்கின்றது. செயலியைத் திறந்து, வைஃபை இணைப்பை மட்டும் திருத்திக்கொண்டாற் போதும். இதற்கும் ஓர் உபாயம் உண்டு. புதிய ரவுட்டருக்கு நிரந்தரமாகவே பழையதன் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமற் கொடுத்துவிட்டால், பெரும்பாலான பெட்டிகள் மாற்றம் நிகழ்ந்ததை அறியாமலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவசரப்பட்டு மீளமைத்தலால் விளையும் தீங்குக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இரண்டாந் தலைமுறைக் குரோம்காஸ்டையும், சாதாரண ஒலிபெருக்கியைக் கம்பியில்லா ஒலிபெருக்கியாக்கும் ‘குரோம்காஸ்ட் ஓடியோ’ என்னும் சிறு வட்டக் கருவியையும் விற்பனைக்கு விட்டது. 2025 மார்ச் 9ஆம் நாள், உலகின் பல பாகங்களிலும் இவை ஒருங்கே செயலிழந்தன. கருவியிற் பழுதில்லை. அது தன்னை மெய்ப்பித்துக் கொள்வதற்கு அடிப்படையாயிருந்த மின்னணுச் சான்றிதழொன்று பத்தாண்டு நிறைந்து காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியவர்கள் அதனைக் கவனியாது விட்டிருந்தனர். நிறுவனம் உடனே கூறிய அறிவுரை, கருவியை மீளமைக்க வேண்டாம் என்பதே. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாட்களில் திருத்தம் தானாகவே வந்து சேர்ந்தது. அறிவுரை எட்டுமுன் பொத்தானை அழுத்தியவர்களோ கருவியை மீண்டும் பதிய முடியாமல் நின்றனர். பழையதை மறந்தாயிற்று, புதிதாக அறிமுகம் செய்யவோ செல்லுபடியான சான்றிதழ் இல்லை. அவர்கள் செயலியின் புதிய பதிப்பு வரும்வரை மேலும் காத்திருக்க நேர்ந்தது. நிறுவனத்தின் பக்கத்திற் குற்றம் இருக்கும்போது, நம் பக்கத்து இடாப்பைக் கிழிப்பதால் ஆவதொன்றுமில்லை. பல வீடுகளில் ஒரே நாளில் பெட்டிகள் மௌனமானால், கையைக் கட்டிக்கொண்டிருப்பதே உத்தமம்.

நம் நாட்டு வீடுகளுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. பெட்டியைக் கொண்டுவந்த உறவினர் அதனைத் தம்முடைய கணக்கிற் பதிந்துவிட்டே செல்கிறார். மீளமைத்த பெட்டியை மீண்டும் இயக்குவதற்குத் தொலைபேசி, செயலி, கணக்கின் பெயர், கடவுச்சொல் ஆகிய யாவும் வேண்டும். அவையோ ரொறன்ரோவில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணொளி குன்றியவர். நேரம் அறிவதும், உலகச் செய்தி கேட்பதும், பழைய பாடல்களை வேண்டிப் பெறுவதும் அவருக்கு இப்பெட்டியின் துணையாலேயே கைகூடின. உதவும் எண்ணத்தோடு வந்த அயலவர் ஒருவர், பொத்தானை அழுத்திப் பெட்டியை மீளமைத்துவிட்டுச் சென்றார். பெட்டி புதிதாகத் தன்னை அமைக்குமாறு ஆங்கிலத்தில் வேண்டியதேயன்றி, வேறெதற்கும் மறுமொழி கூறவில்லை. மருமகன் ஓய்வு கிடைத்துத் தொலைபேசியில் வழிகாட்டும்வரை மூன்று கிழமைகள் அம்மனிதர் நேரத்தை அயலாரைக் கேட்டறிந்தார். கண்பார்வையுள்ளவருக்கு இஃது ஒரு விளையாட்டுப் பொருளின் பழுது. அவருக்கோ வீட்டின் ஒரு சாளரமே அடைபட்டது போன்றது.

மீளமைத்தலே வேண்டும் என்று நன்கு தேர்ந்த பின்னர் செய்யும் முறையைக் கூறுகிறேன். முன்னதாகக் கணக்கின் கடவுச்சொல்லும் வைஃபையின் கடவுச்சொல்லும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் ‘எக்கோ டொட்’ என்னும் சிறு பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றாந் தலைமுறைப் பெட்டியில், மேலே புள்ளியிட்ட பொத்தானை 25 வினாடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். அதன் பின் வந்தவற்றிலும் அதே பொத்தான்தான். 20 முதல் 25 வினாடி வரை பிடித்தாற் போதும். வளையத்தின் ஒளி செம்மஞ்சளாகி, அணைந்து, மீண்டும் எரியும். இரண்டாந் தலைமுறையில் ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒருங்கே 20 வினாடி பிடித்தல் வேண்டும். 2014இல் வந்த முதல் எக்கோவின் அடியில் ஊசித்துளை ஒன்றுண்டு. கடதாசிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி அதனுட் செலுத்தி அழுத்துவர். இத்தனை வேறுபாடு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். எனக்கும் அது விளங்கவில்லை. ஆயினும் வினாடிக் கணக்கு மட்டும் காரணமின்றி வைக்கப்பட்டதன்று. தற்செயலாகக் கைபட்டோ, குழந்தை விளையாடியோ இடாப்பு அழிந்துவிடாதிருத்தற்காகவே அவ்வளவு நீண்ட நேரம் பிடிக்கச் சொல்கின்றனர்.

கூகுளின் ‘நெஸ்ட் மினி’யில் முதலில் ஒலிவாங்கிச் சுவிட்சை நிறுத்திவிட்டு, தலையின் நடுவில் விரலை வைத்து ஏறக்குறைய 15 வினாடி அழுத்துதல் வேண்டும், ஒலியொன்று எழும்பும்வரை விரலை எடுக்கலாகாது. ஹோம்பொட்டில் மின்கம்பியைக் கழற்றி மாட்டிச் சிறிது பொறுத்து, தலையில் விரலை வைத்திருந்தால் சுழலும் வெள்ளொளி செந்நிறமாகும். மூன்று முறை ஒலிக்கும்வரை பொறுத்து விரலை எடுக்க வேண்டும். மற்றைய நிறுவனத்துப் பெட்டிகளுக்கு அவற்றோடு வந்த சிறு கைந்நூலைப் பார்ப்பதே தக்கது. அக்கைந்நூலைப் பெட்டி வந்த அன்றே குப்பையில் இடுவது நம்மவர் வழக்கமாகையால், பெட்டியின் அடியிற் பொறித்துள்ள மாதிரி இலக்கத்தைக் கொண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடிக்கொள்ளலாம்.

மீளமைத்தல் கட்டாயமாகும் சமயம் ஒன்றுண்டு. பெட்டியை விற்கும்போதும், பிறருக்குக் கொடுக்கும்போதும், குப்பைக்கு ஒழிக்கும்போதும் அதனைச் செய்தே ஆகவேண்டும். பலர் அதனைச் செய்வதில்லை என்பது ஆராய்ந்தறியப்பட்ட உண்மை. அமெரிக்காவிலே பொஸ்டன் நகரிலுள்ள நோர்த்ஈஸ்டேர்ண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், பிறர் பாவித்து விற்ற எக்கோ டொட் பெட்டிகள் 86ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 61 மீளமைக்கப்படாமலே விற்கப்பட்டிருந்தன. முன்னைய உரிமையாளரின் வைஃபைக் கடவுச்சொல்லும் கணக்கின் சான்றும் அவற்றுள் அப்படியே கிடந்தன.

இதைவிட வியப்பானது அவர்கள் கண்ட மற்றொன்று. முறைப்படி மீளமைத்த பெட்டியிலிருந்தும், நினைவகச் சில்லைக் கழற்றி ஆராயும் திறமுள்ள ஒருவரால் பழைய செய்திகளை மீட்டெடுக்க முடிந்தது. இதற்குக் காரணம் பிளாஷ் நினைவகத்தின் இயல்பிலேயே உள்ளது. அதன் ஒவ்வொரு பகுதியும் குறித்த தடவைகள் மட்டுமே அழித்தெழுதலைத் தாங்கும். ஒரே பக்கத்தை அடிக்கடி அழித்தால் அது தேய்ந்துவிடும். அதனால் நினைவகத்தை ஆளும் உறுப்பு, பழைய பக்கத்தை அழிப்பதற்குப் பதிலாக, பொருளடக்கத்தில் மட்டும் அதன் பெயரை வெட்டிவிட்டுப் புதிய பக்கத்தில் எழுதுகிறது. பொருளடக்கத்தைப் பார்த்துப் படிப்பவனுக்கு அப்பக்கம் இல்லை. புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டுபவனுக்கோ அது கிடைத்துவிடும். இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அவ்வளவு பாடுபட்டு நம் வீட்டு இரகசியத்தை அறிய முனைவோர் மிகச் சிலரே. எனினும் பெட்டியைக் கைமாற்றிய பின்னர் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், அவர் மீட்டெடுக்கும் திறவுகோல் எப்பூட்டையும் திறவாது.

இன்னுமொன்று. பெட்டியை மீளமைத்தல் பெட்டியை மட்டுமே தொடும். நாம் இதுவரை அதனிடம் பேசியவற்றின் ஒலிப்பதிவுகள் பெட்டியில் இல்லை. நிறுவனத்தின் கணினிகளில், நம் கணக்கின் கீழ் இருக்கக்கூடும். குழந்தைகளின் குரற்பதிவுகளை நெடுங்காலம் வைத்திருந்தது தொடர்பான வழக்கொன்றில், 2023இல் அமேசான் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 25 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆகவே அலெக்சா செயலியில் அந்தரங்கம் பற்றிய பகுதிக்குச் சென்று, குரற்பதிவுகளின் வரலாற்றைத் தனியே அழித்தல் வேண்டும். அதே செயலியிற் கருவியின் பெயரைத் தெரிந்து, பதிவிலிருந்து நீக்கிவிடுதலும் வேண்டும். இவ்வாறு நீக்காத பெட்டியை விலைக்கு வாங்குபவர் அதனைத் தம் கணக்கிற் பதிய முடியாமல் இடர்ப்பட நேரிடும். பழைய பெட்டியொன்றை வாங்க எண்ணும் நேயர்கள், விற்பவர் பதிவை நீக்கியதைக் கண்ணாற் கண்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள். பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததாயின், அதன் மின்மாற்றியில் 100–240 வோல்ற்று என்று பொறித்திருக்கின்றதா என்பதையும் பாருங்கள். 120 வோல்ற்றுக்கு மட்டும் அமைந்ததை நமது 230 வோல்ற்றில் மாட்டினால் அதன் பின்னர் எந்தப் பொத்தானும் பயன்படாது.

ஒரே வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றுவதற்கு இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. கழற்றி மாட்டினாற் போதும். வீடு மாறிச் செல்வோருக்கு வைஃபையைத் திருத்தினாற் போதும். முற்றாகச் செத்துப்போய், விளக்கே எரியாத பெட்டியை என் செய்வது என்று சிலர் வினவுகின்றனர். அதனை மீளமைக்க வழியில்லை. பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்தாலும் மின்சாரமின்றி அது செவிசாய்க்காது. அத்தகையதைச் செயலியிற் பதிவு நீக்கி, குரற்பதிவுகளை அழித்து, வைஃபைக் கடவுச்சொல்லையும் மாற்றிய பின்னர், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்துவிடலாம்.